யார் முதலில் சொல்வது

வேற்று மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ள முற்படுகிற இலக்கியவாதி, நேராக அதன் கவிஞர்களிடம் போய்விடலாம் என்று நினைக்கிறான். மொழியோ அவனை வாசலில் நிறுத்தி, முதலில் காலை வணக்கம் சொல் என்கிறது. அர்த்தம் செறிந்த சொற்களுக்கு முன்னால், அர்த்தம் அநேகமாக இல்லாத சொற்கள். அகராதியில் அரை வரிக்கு மேல் இடம் பெறாத இவைதான் கற்பதற்குக் கடினமானவை என்பது என் அனுபவம். 'மரணம்' என்பதற்கு டச்சு மொழியில் என்ன என்று கேட்டால் ஒரு சொல்லைக் காட்டிவிடலாம். 'வாங்க' என்பதற்கு என்ன என்று கேட்டால், வருகிறது யார், உட்கார்ந்திருக்கிறது யார், எந்தத் தெரு, எந்த வேளை என்று நான்கு எதிர்க்கேள்விகள் கேட்டாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஐந்தாறு மாதங்கள் டச்சு மொழியின் அன்றாட முகமன்களைக் கற்றுக்கொண்டிருந்தேன். இருபது இருபத்தைந்து பிரயோகங்கள். அதற்கு மேல் போகவில்லை. அந்த மொழியின் கவிதையை மூலத்தில் படிக்கும் ஆசை எதுவும் இதற்குக் காரணமில்லை. ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக, அவளுக்கு ஒரு பாடம் முன்னால் நான் கற்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

என் ஊர் களமருதூர். விலாசத்தில் எழுதும் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது: தென்னார்க்காடு, 1993-லிருந்து விழுப்புரம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. ஊருக்குள் தெருவும் காலனியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நான் தெருக்காரன். அந்தப் பெண் காலனி. நர்ஸிங் படித்தவள்; நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறவள். அவளைக் கட்டிக்கொண்டவனும் காலனிப் பையன்தான். சமையல் வேலைக்கென்று போய், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஹேக் நகரத்தில் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டவன்.

மனைவியை அழைத்துக்கொள்ள அவன் மனு போட்டால் மட்டும் போதாது. 2006 மார்ச்சிலிருந்து நெதர்லாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ வருகிறவர், சொந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, நெதர்லாந்துத் தூதரகத்தில் டச்சு மொழியில் ஒரு பரீட்சை தேற வேண்டும். பேசுவது, அந்தச் சமூகத்தைப் பற்றிய அறிவு, 2011-லிருந்து வாசிப்பதும் சேர்த்து மூன்று பகுதிகள். ஆரம்ப வருஷங்களில் பேச்சுத் தேர்வு தொலைபேசியில் நடந்தது. எதிர்முனையில் இருந்தது மனிதன் இல்லை, கம்ப்யூட்டர். மதிப்பெண் போட்டதும் அதுதான். பிற்பாடு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, பதிலைப் பதிவு செய்துவிட்டு வருகிற முறை வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய தேசத்தவர்களுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. மொராக்கோக்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் உண்டு. முகமன் சொல்லத் தெரிந்தால்தான் கதவு திறக்கும், அதுவும் சில பேருக்கு மட்டும்.

"சார், நீங்க இங்கிலீஷ்ல பி.ஏ. தானே? இதும் அதே மாதிரிதான் இருக்குது. கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்" என்று ஒருநாள் கவுண்டரில் கேட்டாள். அவள் சொன்னது தப்பில்லை. பி.ஏ.யில் மொழி வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் மூன்றும் சகோதர மொழிகள் என்று அதில் படித்திருந்தேன். பரீட்சைக்குப் பிறகு அந்தத் தாள் எதற்கும் பயன்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டுத் திண்ணையில் பாடம் என்று ஏற்பாடாயிற்று. மூன்றாவது ஞாயிறு 'சார்' போய் 'அண்ணா' வந்தது. அதை அவளாகத்தான் மாற்றிக்கொண்டாள்.

முதல் கஷ்டம் உச்சரிப்பு. டச்சு மொழியின் 'ஜி' எழுத்து தொண்டையில் கிடந்து உரசும் ஒலி. ஆங்கிலப் பழக்கம் இதற்கு உதவுவதில்லை, இடைஞ்சலாகவே இருக்கிறது. தமிழ்தான் உதவிற்று. 'பகல்', 'அகலம்' என்று நாம் சொல்லும்போது நடுவில் வருகிற ககரம் வல்லினமாக ஒலிப்பதில்லை, உரசிக்கொண்டு நழுவிவிடுகிறது. அதை இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் இறக்கினால் டச்சு ஒலிக்குப் பக்கத்தில் போய்விடலாம். சொல்லின் கடைசியில் அது வருகிறபோது நம் ஆய்தமேதான் என்று எனக்குப் பட்டது. பகல் என்றும் நாள் என்றும் பொருள்படும் அவர்களுடைய சொல்லை 'டஃ' என்று எழுதலாம். முகமனும் அதுவே. குறிலை அடுத்து வர வேண்டும் என்கிற ஆய்த விதிக்கு அது பாதி கட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் வர வேண்டிய வல்லின உயிர்மெய்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'எஃகு', 'அஃது' என்று எழுதிவிட்டு மறந்துபோன மூன்று புள்ளிக்கு, ஆங்கிலத்து எஃப்பைச் சுமப்பதைத் தவிர வேறொரு வேலை கிடைத்ததில் எனக்கு அற்ப சந்தோஷம். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காறுகிற மாதிரி சொல்லுங்க என்று அவள் புருஷன் போனில் சொல்லிக்கொடுத்ததிலேயே பிடித்துக்கொண்டாள்.

'டஃ' சந்திக்கும்போதும் சொல்லப்படுகிறது, பிரியும்போதும் சொல்லப்படுகிறது. பிரியும்போது கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். 'ஹூ ஃகாட் ஹெட்' என்பது நலம் விசாரிப்பு. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'எப்படிப் போகிறது அது' என்று வரும். நம் 'எப்படிப் போவுது' அப்படியே இருக்கிறது. 'டொட் ஸீன்ஸ்' என்பது 'பார்க்கும் வரை'. போகிறேன் என்று சொல்லாமல் 'போய்ட்டு வரேன்' என்று நாம் சொல்வதற்குள் இருக்கிற அதே பயம்தான் இதற்குள்ளும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரிவை வாய்விட்டுச் சொல்ல எந்த மனிதக் கூட்டமும் விரும்பவில்லை போலும். எனக்கு மிகவும் பிடித்தது 'ஆல்ஸ்துப்லீஃப்ட்'. அதை உடைத்தால் 'உங்களுக்கு விருப்பமானால்' என்று வரும். ஒன்றைக் கேட்கும்போதும் இதைச் சொல்கிறார்கள், ஒன்றைக் கொடுக்கும்போதும் சொல்கிறார்கள். கொடுக்கும்போது சொல்ல ஆங்கிலத்தில் சரியான சொல் கிடையாது. தமிழில் இருக்கிறது: 'இந்தாங்க'. பாஸ்புக்கையும் பணத்தையும் நீட்டி ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நான் சொல்கிற சொல். அதை ஒரு முகமனாக அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இந்த வகைச் சொற்களைப் பற்றி முதலில் தீவிரமாக யோசித்தவர் மலினோவ்ஸ்கி. ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் 1923-ல் வெளியிட்ட 'தி மீனிங் ஆஃப் மீனிங்' நூலின் அனுபந்தமாக அவர் எழுதிய கட்டுரையில்தான் 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்ற பிரயோகம் வருகிறது. கருத்தைத் தெரிவிக்க அல்லாமல், இரண்டு பேருக்கு நடுவிலுள்ள மௌனத்தின் சங்கடத்தைப் போக்கி உறவை ஸ்தாபிக்க மட்டுமே பேசப்படும் பேச்சு. எதிர்ப்படுகிறவனை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கும் மெலனேசியத் தீவுவாசிகளை அவர் உதாரணம் காட்டுகிறார். நம் ஊருக்கு வந்திருந்தால் இன்னும் நுட்பமான உதாரணங்கள் கிடைத்திருக்கும். வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, சகுனத் தடை. 'தூரமா?' என்று கேட்கலாம். பதிலாக ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'இப்பிடித்தான்' என்று கையை ஒரு பக்கம் காட்டினால் போதும். 'சாப்டாச்சா' என்பதற்கு 'ஆச்சு' என்பதுதான் பதில், பட்டினி கிடந்தாலும். 1960-ல் யாகோப்ஸன் இதை மொழியின் ஆறு செயல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். கம்பி இணைந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற செயல்.

இரண்டு பேருமே ஒன்றைக் கேளாமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பியின் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்பதுதான் அது. தட்டுகிறவனும் தட்டப்படுகிறவனும் இடம் மாறிக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கை.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. தமிழனுக்கு அன்றாட முகமன் சொல் கிடையாது, அவன் சம்பிரதாயத்துக்கு அப்பாற்பட்டவன், 'வா' என்கிற வினைச் சொல்லிலேயே எல்லா அன்பையும் வைத்துவிட்டான் என்று. நண்பர்கள் சிலர் இதை ஒரு தத்துவமாகவே சொல்வார்கள். வணக்கம் என்பது மேடையும் வானொலியும் கொடுத்த செயற்கைச் சொல் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். பாதிதான் வாஸ்தவம். எங்கள் பக்கத்தில் அன்றாட முகமன் சொல் ஒன்று இருந்தது. காலையில் முதல் முகம் பார்த்ததும் சொல்ல வேண்டிய சொல், கட்டாயமாகச் சொல்ல வேண்டிய சொல். 'கும்புடுறேன் ஆண்டே.' தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறுபது வயசுக்காரர் பத்து வயசுப் பையனிடம் சொன்னது. அதற்குப் பதில் 'ம்'. சில வேளை அதுவும் இல்லை. டச்சுக்காரனின் 'ஃகூடெமோர்ஃகென்' போல அதே சொல் திரும்பி வருவதென்பது அதற்கு விதிக்கப்படவில்லை. முகமன் இல்லாத சமூகம் என்று நம்மைச் சொல்லிக்கொள்வது, அந்தச் சொல்லைக் கேட்டு 'ம்' கொட்டியவர்களுக்கு மட்டுமே சாத்தியமான மறதி.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 'வணக்கம்' அவ்வளவு கேலிக்குரியதல்ல. இரண்டு பேர் ஒரே சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிற திட்டம் அதில் இருந்தது. மேடையில் அது வென்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டுச் சொல்வதாகக் குறுகியது. தெருவுக்கும் காலனிக்கும் இடையிலுள்ள அந்த நூறு கஜத்தை மட்டும் அதனால் கடக்க முடியவில்லை. அங்கே 'கும்புடுறேன்' மெல்ல மெல்ல நின்றுபோன பிறகு, அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை. பார்த்தும் பாராமல் போவதுதான் வந்தது. நிறுத்தியது ஒரு விடுதலை; ஐயமில்லை. ஆனால் நிறுத்தியவர்கள் கீழிருந்து சொன்னவர்கள்தான். மேலிருந்து எவரும் எதையும் சொல்லத் தொடங்கவில்லை.

இலக்கியத்திலும் நம் முகமன் ஒருவழிப் பாதையாகவே இருந்திருக்கிறது. காப்பியங்களில் கடவுள் வாழ்த்து, அப்புறம் அவையடக்கம். கம்பனுக்கும் அது வேண்டியிருந்தது. அவைக்குக் கவிஞன் வணங்குகிறான். அவை கவிஞனுக்கு வணங்கியதாக எங்கும் இல்லை. கவியரங்கங்கள் இதை மைக் வைத்துத் தொடர்ந்தன. 1959-ல் 'எழுத்து' தொடங்கியபோது அதில் வந்த புதுக்கவிதைகள் செய்த ஒரு காரியத்தை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவை அவையடக்கத்தை விட்டுவிட்டன. யாப்பை விட்டதைவிட இது பெரிய காரியம். ஆனால் அவையை விட்டதோடு எதிரில் இருப்பவனையும் விட்டுவிட்டோமோ என்கிற சந்தேகம் எனக்கு உண்டு. நம் கவிதை பெரும்பாலும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறது.

டச்சு மொழி நம் கரைக்குப் புதிதல்ல. 1608-ல் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் டச்சுக் கம்பெனி வியாபாரம் தொடங்கிற்று. களமருதூரிலிருந்து கிழக்கே போனால் எட்டுகிற கடற்கரை அது. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை எழுந்தது. 1658-ல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துகீசியர்களிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. 1825-ல் கடைசிக் கிடங்கையும் ஆங்கிலேயர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை, இருநூறு வருஷத்துக்கும் மேல் இந்தக் கரையில் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை எண்ணிப் பார்த்தேன். துட்டு, அவர்களுடைய செப்புக் காசின் பெயர். கக்கூஸ். யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் கூடுதல்: அலுவலகத்துக்குக் கந்தோர், மேஜை அறைக்கு இலாச்சி, பீன்ஸுக்குப் போஞ்சி. காசு, கழிப்பிடம், அலுவலகம், இழுப்பறை, காய். ஒரு முகமன்கூட இல்லை. 'துட்டு வந்துச்சா சார்?' என்று கவுண்டரில் கேட்கிற கிழவி நானூறு வருஷத்துப் பழைய டச்சுச் சொல்லைத்தான் சொல்கிறாள். அதற்கு முன்னால் சொல்ல ஒரு காலை வணக்கத்தை மட்டும் கம்பெனி அவளுக்குக் கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரர்கள் நம் ஆட்களிடம் டச்சு மொழியில் பேசவே இல்லை. அவர்களுக்கு முன்பே கரை முழுவதும் பரவியிருந்த கொச்சைப் போர்த்துகீசியத்தில்தான் பேசினார்கள். பழவேற்காட்டில் 1632-லிருந்து பத்து வருஷம் பாதிரியாராக இருந்த அப்ரஹாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்கிற பிராமணரிடம் இந்து மதத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 1651-ல் லெய்டனில் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு நம்மைப் பற்றிக் கிடைத்த ஆரம்பப் புத்தகங்களில் மிக முக்கியமானது. அந்த இரண்டு பேருக்கும் பொது மொழி போர்த்துகீசியம். ஒருவர் மொழியில் மற்றவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்களா என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் யோசித்ததுண்டு. மதத்தின் கதவைத் திறந்து காட்டுவதாகத்தான் புத்தகத்துக்கே தலைப்பு. அந்தக் கதவு மூன்றாம் மொழியில்தான் திறந்தது.

ஆனால் மொழிக் காரணம் மட்டுமே முழுக் காரணமாகிவிடாது. 1659-லிருந்து 1661 வரை தஞ்சைப் பக்கம் படையெடுப்பும் பஞ்சமும் வந்தபோது, நாகப்பட்டினத்திலிருந்து இதே கம்பெனி ஆயிரக்கணக்கான ஜனங்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றிற்று. விலைக்கு வாங்கியவனிடம் யாரும் முகமன் எதிர்பார்ப்பதில்லை. அவனுக்கு முகமன் சொல்வதுமில்லை. துட்டு என்கிற சொல் தங்கியதும் 'டஃ' தங்காததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1985-ல் அலை எதிர்த்திசையில் திரும்பிற்று. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்கள் சில ஆயிரம் பேர் நெதர்லாந்தில் போய்ச் சேர்ந்தபோது, மற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவித் தொகையை இவர்களுக்குக் கொடுக்காமல் தனி ஏற்பாடு ஒன்றை அந்த அரசாங்கம் செய்தது. அதற்கு அவர்கள் மொழியில் வழங்கிய பெயர் 'பெட், பாட், ப்ரோட்': படுக்கை, குளியல், ரொட்டி. மோனை பிசகாத பெயர். முகாமில் அந்த அகதியின் காதில் முதலில் விழுந்த டச்சுச் சொற்களில் இந்த மூன்றும் இருந்திருக்கும். இதிலும் முகமன் இல்லை. கந்தோரையும் இலாச்சியையும் தாத்தா காலத்திலிருந்து வாயில் வைத்திருந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன், அந்தச் சொற்கள் பிறந்த ஊருக்கே போய், வரிசையில் நின்றான்.

நான் சொல்ல வருவது மேற்கின் சமத்துவம், நம் ஏற்றத்தாழ்வு என்கிற எளிய கணக்கை அல்ல. தங்களுக்குள் அவர்கள் ஒரே சொல்லைக் கொடுத்து வாங்குகிறார்கள். வாசலுக்கு வெளியே நிற்பவனிடம் அதைப் பரீட்சையாக வைக்கிறார்கள். பரீட்சையில் 'ஃகூடெமோர்ஃகென்' சொன்னால் திரும்பி வருவது வணக்கம் இல்லை, மதிப்பெண். 'கும்புடுறேன்' சொன்னவனுக்கு 'ம்'. ஒரு முகமன் முகமனாவது அது திரும்பி வரும்போதுதான் என்றால், இந்த இரண்டும் முகமன்கள் அல்ல.

இதை நான் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெண்ணின் தாத்தா திண்ணையின் மறுகோடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எண்பது வயசு இருக்கும். என் அப்பா அவரைப் பெயர் சொல்லி, ஏகவசனத்தில் கூப்பிட்டார். நான் 'பெரியவரே' என்பேன். உறவும் சொல்லாமல் பெயரும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள வாகான சொல். நாங்கள் பாடம் படிப்பதை அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி அவருக்கு 'டஃ' சொல்லிக்கொடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டார், என்னைவிட நன்றாக. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இத மொதல்ல யாரு சொல்லணும் சார்?"

பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. மலினோவ்ஸ்கியிடமும் இல்லை, யாகோப்ஸனிடமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் முதலில் சொல்லியே தீர வேண்டியிருந்த ஒருவர் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி. "யார் வேணுமானாலும் சொல்லலாம் தாத்தா, பாத்தவங்க சொல்ல வேண்டியதுதான்" என்று பேத்தி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை. 'யார் வேணுமானாலும்' என்று ஒரு விதி இருக்க முடியும் என்பது அவர் பார்த்த உலகத்தில் இல்லை. ஆனால் யார் முதல் என்பது தீர்மானமாகாத இடத்தில்தான் முகமன் உயிரோடிருக்கிறது. தீர்மானமாகிவிட்டால் அது கட்டளை. எங்கள் வங்கியிலும், வாடிக்கையாளருக்கு ஊழியர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தோம். அதுவும் இந்த வகைதான்.

கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. நம் பழைய இலக்கியத்தில் இதற்கு ஒரு பதில் இருப்பது சில நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து, அதாவது பாதி, ஆற்றுப்படைகள். அவற்றில் மலைபடுகடாம் எங்கள் வடக்குப் பக்கத்துச் செங்கத்து நன்னனைப் பாடுவது. புலவர்களின் வள்ளல் துதி என்று அவற்றை நாம் ஒதுக்கிவிடுகிறோம். வடிவத்தைப் பாருங்கள். வழியில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தொழில்: கூத்தர், பாணர், பொருநர். ஒருவன் பரிசில் பெற்றுத் திரும்புகிறவன். இன்னொருவன் பசியோடு போகிறவன். முருகாற்றுப்படையில் பரிசில் அருளாகிவிடுகிறது; ஆனால் அங்கும் பெற்றவன்தான் பேசுகிறான். தொல்காப்பியம் ஆற்றுப்படைக்குச் சொல்லும் இலக்கணமும் பெற்றவன் பெறாதவனுக்கு அறிவிப்பது என்பதுதான். அறிமுகமில்லாதவனை விளித்து, உன் களைப்பு தெரிகிறது, இந்த வழியே போ, இன்ன இடத்தில் தங்கலாம், இன்னது சாப்பிடக் கொடுப்பார்கள் என்கிறான். முழுப் பாட்டுமே ஒரு நீண்ட முகமன். யார் முதலில் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்த வடிவத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது: கிடைத்தவன். கையில் இருக்கிறவன். அவையடக்கத்தை நேர் தலைகீழாக்கிய வடிவம். காப்பிய காலம் வந்து இதை மூடிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக்கவிதை அவையடக்கத்தை உதறியது நல்லது. உதறிய கை பற்றிக்கொள்ள வேண்டியது இதுவாக இருந்திருக்கலாம்.

அந்தப் பெண் இரண்டாவது தடவை பரீட்சையில் தேறி, தை மாதம் கிளம்பிப் போனாள். போன இடத்தில் மூன்று வருஷத்துக்குள் இன்னும் கடினமான பரீட்சை ஒன்று இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை போனில் பேசுவாள். டிராம் நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவுங்களே சொல்லிட்டாங்கண்ணா" என்று முதல் வாரம் சொன்னாள். இன்னொரு தடவை, ஏதோ ஆபீஸில் தன்னிடம் மட்டும் 'நீங்கள்' போடாமல் 'நீ' போட்டார்கள் என்றாள். டச்சிலும் இரண்டு உண்டு. சிநேகமாகச் சொல்லும் 'நீ'யா, குறைத்துச் சொல்லும் 'நீ'யா என்று அவளுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அந்த வித்தியாசத்தை எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. களமருதூரில் வளர்ந்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

தாத்தா மாசா மாசம் முதியோர் பென்ஷன் எடுக்க வங்கிக்கு வருகிறார். நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றுகொண்டிருப்பார். சென்ற மாதம் அவர் கவுண்டருக்கு வந்தபோது, அவர் எதுவும் சொல்வதற்கு முன், "வாங்க தாத்தா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யார் வருகிறார்கள் என்று. யாரும் இல்லை. பாஸ்புக்கை நீட்டினார். எண்ணிக் கொடுத்துவிட்டு "இந்தாங்க" என்றேன். வாங்கிக்கொண்டு, துட்டைத் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, வாசல் வரை போனவர், "வரேன்" என்றார்.